நடந்து காட்டிய நாள்

எனக்கு உட்காரத் தெரியாது. பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். மரக்காணத்தில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையில் முதலாளி, "ஏம்மா, மெஷின் ஆடுதா, நீ ஆடறியா?" என்று கேட்பார். அப்படிப்பட்ட என்னைப் பாயில் உட்கார வைத்து, தலையைக் குனியச் சொல்லி, எதிரில் நாலு பேர் பஜ்ஜி தின்பதற்குப் பெண் பார்ப்பது என்று பெயர். அவர்கள் என்னைப் பார்த்ததைவிடப் பஜ்ஜியைப் பார்த்ததுதான் அதிகம்.

கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன வருஷத்திலிருந்து அம்மாவுக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு கடலோரத்தில் இல்லை, உப்பளத்துக்கு மேற்கே தள்ளி இருந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அனுமந்தையில் தெரிந்தவர்கள் வீட்டு எழவுக்குப் போய்விட்டு வந்த அம்மா, அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள். "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள என்னா வேணா ஆவும். நாங்க இருக்கும்போதே உன்ன ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துடணும்டி" என்பாள். எந்த ஒருத்தன் என்று நான் கேட்டால் கரண்டி பறந்து வரும்.

முதலில் வந்தவர்கள் திண்டிவனம் பக்கம். பையனின் அம்மா தட்டைக் கீழே வைத்து வாயைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு கொஞ்சம் வாசல் வரைக்கும் நடந்து போய்ட்டு வரட்டும்" என்றார். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். சிலர் பாடச் சொல்வார்கள், சிலர் ஊசியில் நூல் கோக்கச் சொல்வார்கள், சிலர் நடக்கச் சொல்வார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்த எனக்கு அது விடுதலையாகத்தான் இருந்தது. எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். நான் நடந்தபோது அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அதை நானே அன்றைக்குத்தான் கவனித்தேன்.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்து சொன்னார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குதாம். நடைதான் ஆம்பள நடையா இருக்குதாம்."

அது ஆம்பளை நடை இல்லை, பாத்தி மிதிக்கிற நடை. மழை ஓய்ந்து உப்புப் போட ஆரம்பிக்கும் முன்னால் பாத்தியின் தரையை மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் வாரும்போது உப்போடு சேறும் வரும். ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் நின்று, அடிமேல் அடி வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மிதித்துக்கொண்டே போவோம். உள்ளங்கால் முழுதாகப் பதிய வேண்டும். விரலை ஊன்றினால் குழி விழும், குதிகாலை ஊன்றினாலும் குழி விழும். அப்பா குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் சின்ன வயதிலிருந்தே வருஷா வருஷம் மிதித்து வளர்ந்த கால் என்னுடையது. வீட்டுக்குள் நடந்தாலும் அது தரையை இறுக்கிக்கொண்டுதான் நடக்கும்.

தரகர் சொன்னதைக் கேட்டு அம்மா அழுதாள், நான் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் கேட்டது. கடையில், கோயிலில், பஸ் படிக்கட்டில். அடுத்து வந்த இரண்டு இடமும் தட்டிப்போனதும் என் கால் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லையே என்றெல்லாம் எனக்குக் கவலை இல்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரு மனுஷன் இந்த உலகத்தில் உண்டா இல்லையா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. அது தெரியாமல் எனக்கு எதுவும் ஓடவில்லை.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று அம்மா காத்திருந்தாள். அந்த வருஷம் மழை பேய்மழையாகப் பெய்து, பாத்தியெல்லாம் குளமாகக் கிடந்து, பொங்கலுக்கு அப்புறம்தான் தண்ணீரை வடித்து மிதிக்க ஆரம்பித்தார்கள். "இந்த வருஷம் நீ பாத்தியில கால வெக்கக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதோடு விடவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்றை வாங்கி வந்து என் காலில் மாட்டி, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்க விட்டாள். "சத்தம் வராம நட. சின்னதா அடி எடுத்து வெய்யி. பூ மேல நடக்கற மாரி நட." பூ மேல் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்டேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் நடையும் என் நடைதான். அதை யாரும் அவரிடம் குறையாகச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெருமுக்கல் பக்கத்து இடம் ஒன்று வந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். பையன் பாண்டிச்சேரியில் டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் சூப்பர்வைசர். அம்மாவும் அவருமாக அங்கேயே வாடகை வீட்டில் இருந்தார்கள். அவர் தரகரிடம் சொல்லி அனுப்பியதைக் கேட்டபோதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. "ஒருத்தர் வீட்டுக்குப் போயி பஜ்ஜி சொஜ்ஜி துன்னுட்டு அப்புறம் வேணாம்னு சொல்றது அசிங்கம். எங்கியாவது பொதுவுல பாத்துக்கலாம். பாண்டிச்சேரிக்கு வெளிய வனத்துறைப் பூங்கா இருக்குது. உள்ள நடக்கறதுக்கு வழி போட்டிருக்காங்க. பேசிக்கிட்டே ஒரு ரவுண்டு வரலாம்."

கோயிலில் பார்ப்பார்கள், ஜவுளிக் கடையில் பார்ப்பார்கள். காட்டில் பெண் பார்ப்பதை எங்கள் ஊர் கேள்விப்பட்டதில்லை. "நடக்கறதுக்கா கூப்புடறாங்க? வேற வெனையே வேணாம்" என்று அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். சகுனத்துக்குப் பயந்து தான் வரவில்லை என்றும் சொல்லிவிட்டாள். செருப்பை மட்டும் பாலிஷ் போட்டு வைத்தாள்.

அப்பாவும் நானும் போனோம். வாசலில் டிக்கெட் கவுன்டர் இருந்தது. "நடக்கறதுக்கு டிக்கெட்டா?" என்று அப்பா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "எங்க ஊருக்கு வரச் சொல்லுங்க, நடக்கறவங்களுக்கு நாங்க கூலி குடுக்கறோம்." கவுன்டரில் இருந்தவர் சிரிக்கவில்லை.

உள்ளே சிமென்ட் பெஞ்சில் பையனின் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் குடை, மடியில் பூ. நல்லபடியாகத்தான் பேசினார். "போய்ட்டு வாங்கப்பா ரெண்டு பேரும். நாங்க இங்கியே உக்காந்திருக்கறோம்" என்றார். வந்து நின்றவர் கொஞ்சம் குட்டை, நெற்றியில் இன்னும் ஈரம் காயாத விபூதி. என் கண்ணைப் பார்த்து வணக்கம் சொன்னார். நான் அவசரத்தில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. செருப்பில் தடுக்கி விழாமல் இருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றன. எனக்கு அது பழக்கமில்லை. உப்பளத்தில் மரமே கிடையாது. யார் வந்தாலும் அரை மைலுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், வருவது யார், கோபமாக வருகிறாரா, சாப்பாடு கொண்டு வருகிறாரா என்றுகூடச் சொல்லிவிடலாம். இங்கே பாதை பத்தடிக்கு ஒருமுறை வளைந்தது. அந்தாண்ட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நிழல் குளிர்ச்சியாக இருந்தாலும் மூச்சு முட்டியது. மரத்துக்கு மரம் பலகை மாட்டிப் பெயர் எழுதியிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக நின்று படித்தார். காயா, வீரை, கருங்காலி. நானும் கூடவே நின்றேன். நிற்கும்போதெல்லாம் முட்டி ஆடியது.

"உங்களுக்கு மரம்னா புடிக்குமா?" என்றார்.

"எங்க ஊர்ல மரம் இல்லீங்க."

அதோடு பேச்சு நின்றது. நான் பூ மேல் நடந்தேன். அவர் எனக்காக இன்னும் மெதுவாக நடந்தார். அவர் மெதுவாக நடக்கிறாரே என்று நான் இன்னும் மெதுவாக நடந்தேன். கேன்வாஸ் ஷூ போட்ட பெரியவர் ஒருவர் கையைத் தட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் அவரே ஒரு சுற்று முடித்துவிட்டுப் பின்னாலிருந்து வந்து மறுபடியும் தாண்டினார். போகும்போது எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் அப்போது பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. உடம்பு முழுக்க எறும்பு ஊர்வது போல எனக்கு இருந்தது. இப்படியே ஒரு ஆயுள் நடக்க வேண்டும் என்றால் செத்துப்போவேன் என்று தோன்றியது.

ஈர மண்ணில் குதிகால் புதைந்து செருப்பு பிடுங்கிக்கொண்டது. குனிந்து எடுத்தேன். இரண்டு அடி வைத்ததும் மறுபடியும் பிடுங்கியது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று என் நடையை நடந்தேன். தொம் தொம் என்று கேட்டது. சருகெல்லாம் நொறுங்கியது.

பின்னாலிருந்து அவர், "ஏங்க, பூமி அதிருதுங்க" என்றார்.

திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் எனக்குச் சுரீர் என்றது. "ஆமா, அதிருது. ஆம்பள நடைன்னு ஒரு எடத்துல வேணாம்னு சொல்லிட்டாங்க. நீங்களும் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க, வீணா எதுக்கு முழு ரவுண்டு சுத்தணும்" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். பஜ்ஜி, வாசல் வரைக்கும் நடந்து காட்டச் சொன்னது, டம்ளர், அம்மாவின் செருப்பு, பூ.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, என்னோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு அது. வித்தியாசம் எனக்குத் தெரியும். "நடந்து காட்டச் சொன்னாங்களா? எங்க ஊர்ல சந்தையில மாட்டத்தாங்க அப்படி நடக்க உட்டுப் பாப்பாங்க. அவுங்க என்னா, பொண்ணு பாக்க வந்தாங்களா, மாடு புடிக்க வந்தாங்களா?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காக நடந்தோம். அவர் வயல் வரப்பில் அண்டை வெட்டிய கதை சொன்னார், ஷோரூமில் வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் படுத்தும் பாட்டைச் சொன்னார். நான் பாத்தி மிதிப்பதைச் சொன்னேன். கொஞ்ச தூரத்தில் குளம் நிரம்பி வழிந்து பாதை சேறாகிக் கிடந்தது. மற்றவர்கள் புதருக்குள் ஒதுங்கிச் சுற்றிப் போயிருந்த தடம் தெரிந்தது. அவர் நின்று, "எப்படித்தான் மிதிப்பீங்க, காட்டுங்க பாக்கலாம்" என்றார்.

அந்த வருஷம் பாத்தியையே மிதிக்காத கால் அது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு விரல் இடுக்கில் ஏறியதும்தான் எத்தனை நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. அவரும் ஷூவைக் கழற்றி, பேன்ட்டை மடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "விரல ஊனாதீங்க. முழுசா வெய்யிங்க. அவசரப்படாதீங்க" என்றேன். யார் யாரிடம் அவசரப்படாதே என்று சொல்வது! முதலில் முட்டி வரைக்கும் புதைந்தார். பிறகு கொஞ்சம் பிடிபட்டது. தோளோடு தோள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அங்கிருந்து இங்கே. கைதட்டும் பெரியவர் மூன்றாவது தடவை வந்து, நின்று, எங்களைப் பார்த்து, "பாப்பா, வழுக்கும், பாத்து" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் ஒதுங்கிப் போனார்.

அங்கேயே நான் முடிவு பண்ணிவிட்டேன். இவர்தான். சந்தோஷத்திலும் என்னால் நிதானமாக இருக்க முடியவில்லை. வாசல் எப்போது வரும், அப்பா முகத்தைப் பார்த்து எப்போது தலையாட்டுவேன் என்று கால் பறந்தது. அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

வாசலில் அவருடைய அம்மா எழுந்து நின்று என் காலைப் பார்த்தார். முட்டிக்குக் கீழே சேறு காய்ந்து வெளுத்திருந்தது. பிறகு மகன் காலைப் பார்த்தார். கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என் செருப்பைப் பெஞ்சுக்குக் கீழே வைத்தேன்.

"எனக்கு உன்னப் புடிச்சிருக்குதும்மா. அவன் மொகத்தப் பாத்தா அவனுக்கும் புடிச்சிருக்குது" என்றார். மடியிலிருந்த பூவை எடுத்தார். கொடுக்கவில்லை. "ஆனா வெளிய நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. நடையில ஏதோ கொறன்னு காதுல உழுந்துது. நாளைக்கு எவளும் என்ன ஒண்ணு சொல்லிடக் கூடாது பாரு. அந்தோ, அந்த போர்டு வரைக்கும் ஒருவாட்டி நடந்து காட்டிடும்மா, போதும்."

காட்டை முழுக்கச் சுற்றி நடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் பையனைப் பார்த்தேன். மாடு என்று அவர் சொன்ன சொல் இன்னும் என் காதில் ஈரமாக இருந்தது. அதை அவர் இப்போது சொல்ல வேண்டாம், சும்மா சிரித்தால்கூடப் போதும். நான் புரிந்துகொள்வேன்.

அவர் கர்ச்சீப்பால் பேன்ட்டில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, மெதுவாக, "அம்மா மனசுக்காகத்தாங்க. ரெண்டு நிமிஷம்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். போர்டு வரைக்கும் நடந்தேன். உள்ளங்கால் முழுதாகப் பதிய, தொம் தொம் என்று, வெறுங்காலோடு நடந்தேன். போர்டு வந்தது. அதைத் தாண்டினேன். டிக்கெட் கவுன்டரைத் தாண்டினேன். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். தார் சுட்டது. "ஏம்மா, போதும்மா, வந்துடு" என்று அந்தம்மா கூப்பிட்டது கேட்டது. பையனும் கூப்பிடுவாரா என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் நடந்தேன். பொய் சொல்ல மாட்டேன். பின்னால் ஒரு காலடிச் சத்தம் வந்தது. தொம் தொம். அந்த நடை யாருடையது என்று எனக்குத் திரும்பாமலே தெரியும்.

பஸ் ஸ்டாப்பில் அப்பா வந்து பக்கத்தில் நின்றார். கையில் என் செருப்பு. "போட்டுக்கறியா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவரே வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் சீட் கிடைத்தது. என் முட்டி ஆடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காலாப்பட்டு போயிற்று. கூனிமேடு தாண்டும்போது அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பையன் காலு ரெண்டும் சேறா இருந்துதே, இன்னாம்மா?"

"மிதிக்கக் கத்துக் குடுத்தேன்ப்பா."

அப்பா என் பக்கம் திரும்பினார். "வந்துதா?"

"கொஞ்சம் வந்துதுப்பா" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மரக்காணம் வரும் வரைக்கும் அடக்க முடியவில்லை. அந்தப் பையனைப் பிடித்திருந்தது எனக்கு. இன்றைக்கு நினைத்தாலும் அவர்மேல் வந்த கோபம் ஆறவில்லை. முகம் சுளிக்கிறவர்களை ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சிரிக்கத் தெரிந்தவர் குனிந்து பேன்ட்டைத் துடைத்ததைத்தான் ஒதுக்க முடியவில்லை.

அம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். என் காலையும் அப்பா கையிலிருந்த செருப்பையும் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது அவளுக்கு.

"இன்னாச்சு? நடக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க" என்றார் அப்பா.

"நடந்தாளா?"

"நடந்தா. பஸ் ஸ்டாப்பு வரைக்கும்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கேட்காமல் இருக்க முடியாமல், சின்னக் குரலில் கேட்டாள். "சத்தம் வராம நடந்தாளா?"

அப்பா அந்தச் செருப்பை எதிர்வீட்டு வாசல்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இல்ல" என்றார். "நல்லா கேட்டுது."